பொது ஃபோல்டர் திறக்கவில்லையா? கோளாறைப் பார்த்து அனுமதியைச் சரிசெய்யும் வழி

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாம்பழ சீசன் தொடங்கியதும் எனக்கு வரும் போன்கள் கூடிவிடும். கூழ் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் எடைமேடைப் பதிவு, பில், கேட் பாஸ் வேலைகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கென்று புதிதாக ஆட்கள் சேர்வார்கள். பழைய கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி மீண்டும் போடுவார்கள். அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் அழைத்துவிடுவார்: "அண்ணா, ஃபோல்டர் தெரியுது, உள்ள போனா விட மாட்டேங்குது."

நான் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் ஒரு வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். 'எவ்ரிஒன்' (எல்லாரும்) என்ற பெயரைச் சேர்த்து, 'ஃபுல் கன்ட்ரோல்' (முழு அதிகாரம்) கொடுத்திருப்பார்கள். ஃபோல்டர் திறந்துவிடும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அன்று முதல் தற்காலிக ஊழியரின் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தாலும் ஐந்து வருடக் கணக்கு முழுவதும் அதன் கைக்கு எட்டும். அதனால்தான் கோளாறு வாரியாக இதை எழுதுகிறேன். எங்கே தடுக்கிறது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டால் எல்லாக் கதவையும் திறந்துபோட வேண்டிய தேவையே வராது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சர்வரில் நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டு கதவுகள். முதல் கதவு ஷேர் அனுமதி (ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கம்). இரண்டாவது ஃபோல்டரின் சொந்த அனுமதி ('செக்யூரிட்டி' பக்கம்). இரண்டில் எது குறைவாக இருக்கிறதோ அதுதான் கையில் கிடைக்கும். சர்வரின் முன்னால் உட்கார்ந்து திறப்பவருக்கு இரண்டாவது கதவு மட்டுமே உண்டு. 'சர்வர்ல உட்கார்ந்தா திறக்குது, என் டேபிள்ல திறக்கல' என்றால் முதல் கதவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எதையும் தொடும் முன்

இரண்டு சோதனை செய்யுங்கள். அதே யூசர் வேறு கம்ப்யூட்டரில் முயன்றால் திறக்கிறதா? அதே கம்ப்யூட்டரில் வேறு யூசர் முயன்றால் திறக்கிறதா? யூசர் எங்கே போனாலும் தடுத்தால் கோளாறு அனுமதியில் அல்லது அவருடைய கணக்கில். அந்தக் கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்தாலும் தடுத்தால் கோளாறு அந்தக் கம்ப்யூட்டரில், சர்வரைத் தொடாதீர்கள். பாதி நேரம் இந்த இரண்டு கேள்வியிலேயே மிச்சமாகிவிடும்.

அப்புறம், திரையில் வந்த செய்தியை அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். 'ஏதோ எரர் வந்துச்சு' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சர்வரில் அனுமதியை மாற்றும் முன் இப்போதுள்ள நிலையைச் சேமியுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஐகேக்கல்ஸ்' (icacls) என்ற கட்டளையை 'சேவ்' (/save) தேர்வோடும் /t தேர்வோடும் ஓட்டினால், ஃபோல்டரும் அதன் கீழுள்ள எல்லாவற்றின் அனுமதியும் ஒரு ஃபைலில் பதிவாகும். தவறு நடந்தால் அதே கட்டளையின் 'ரீஸ்டோர்' தேர்வு பழைய நிலைக்குக் கொண்டுவரும். திரும்பக் கொண்டுவரும்போது ஃபோல்டரின் பெயரைக் கொடுக்கக் கூடாது, அதற்கு ஒரு படி மேலே உள்ள இடத்தைக் கொடுக்க வேண்டும். ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்பதும் ஷேர் அனுமதியும் இதில் பதிவாகாது. அவற்றைக் கையால் குறித்து வையுங்கள்.

கோளாறு 1: சர்வரே கண்ணில் படவில்லை

இது அனுமதிக் கோளாறு இல்லை, ஆனால் அனுமதியென்று நினைத்து அலைபவர்கள் அதிகம். 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்ற பொருளில் செய்தி, கூடவே 80070035 என்று முடியும் எண் வந்தால் இந்தப் பக்கம் வாருங்கள்.

முதலில் கேபிள், சுவிட்ச். கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், சுவர் மூலையில் இருக்கும் சுவிட்ச் மட்டும் அணைந்திருக்கும். அடுத்து, பெயருக்குப் பதில் எண் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், \\192.168.1.10 என்பது போல. எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால் பெயர் தேடுவதில்தான் சிக்கல். எண்ணும் திறக்கவில்லை, ஆனால் நேற்று திறந்தது என்றால் ரவுட்டர் அணைந்து எழுந்தபோது சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்திருக்கலாம். ரவுட்டரிலேயே சர்வருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டால் இது திரும்ப வராது.

அதற்கும் அடுத்து, சர்வராகப் பயன்படும் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' ஆக மாறியிருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தால் ஃபோல்டர் பகிர்வு நடக்கும் 445 ஆம் போர்ட்டை ஃபயர்வால் மூடியிருக்கும். அலுவலக நெட்வொர்க் என்றால் 'பிரைவேட்' ஆக மாற்றுங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைக்க வேண்டாம்.

புதிதாக வாங்கிய ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கவில்லை, அதில் விண்டோஸ் 11 இன் 24ஹெச்2 பதிப்பு இருக்கிறது என்றால் காரணம் வேறு. அந்தப் பதிப்பின் ப்ரோ வகை, பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளி நுழைவை ஏற்காது. சர்வரோடு பேசும் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பையும் கேட்கும். பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து வைத்த பழைய நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க்கில் பொது ஃபைல்களை வைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டிகள்) இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. இந்தப் பாதுகாப்பை அணைக்க வழி இருக்கிறது, நான் அணைப்பதில்லை. நாஸ் பெட்டியில் ஆளுக்கொரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்குவதுதான் சரியான வேலை, அரை நாளில் முடியும். பெட்டிக்குப் புதிய மென்பொருள் வருவதே நின்றுவிட்டது என்றால் அப்போது செலவு செய்ய வேண்டியதுதான்.

கோளாறு 2: பாஸ்வேர்ட் திரும்பத் திரும்பக் கேட்கிறது

சரியான பாஸ்வேர்ட் போடுகிறேன் என்பார்கள். முதல் கேள்வி: போடுவது பாஸ்வேர்டா, பின் நம்பரா? கம்ப்யூட்டரைத் திறக்கும் நான்கு இலக்க பின் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. நெட்வொர்க்கில் அது செல்லாது.

இரண்டாவது, அந்தக் கம்ப்யூட்டரில் பழைய பாஸ்வேர்ட் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, சர்வரின் பெயரிலோ எண்ணிலோ இருக்கும் பதிவுகளை நீக்குங்கள். பெயருக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று என இரண்டு இருக்கலாம், இரண்டையும் நீக்குங்கள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் ஓடவைத்தது. டொமைன் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக யூசர் கணக்குகளை நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத சிறிய அலுவலகத்தில் சர்வரிலேயே ஆளுக்கொரு யூசர் உருவாக்குவோம். அப்படி உருவாக்கும்போது 'பாஸ்வேர்ட் நெவர் எக்ஸ்பயர்ஸ்' கட்டத்தை டிக் செய்யாவிட்டால், விண்டோஸின் இயல்பான விதிப்படி 42 நாளில் பாஸ்வேர்ட் காலாவதியாகிவிடும். அந்த யூசர் சர்வரின் முன்னால் உட்காருவதே இல்லை என்பதால் மாற்றச் சொல்லும் எச்சரிக்கை அவர் கண்ணில் படாது. மே முதல் வாரம் சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஜூன் நடுவில், பெங்களூரா பழம் லாரி லாரியாக வந்து நிற்கும் நேரத்தில், ஒரே நாளில் ஃபோல்டர் மூடிக்கொள்ளும். பர்கூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இது நடந்தபோது வைரஸ் என்று நினைத்து இரண்டு கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தது ஒரே ஒரு டிக் குறி. ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வெளியே நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பாஸ்வேர்டே இல்லாத யூசர் கணக்கும் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. விண்டோஸ் அதை நேரில் உட்காருபவருக்கு மட்டும்தான் அனுமதிக்கும்.

1219 என்ற எண்ணோடு செய்தி வந்தால்: ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் போக விண்டோஸ் விடாது. காலையில் வேறொருவர் தன் பெயரில் இணைத்த டிரைவ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'நெட் யூஸ்' என்று அடித்தால் இருக்கும் இணைப்புகள் தெரியும். அவற்றைத் துண்டித்து, லாக் ஆஃப் செய்து, மீண்டும் நுழையுங்கள்.

டொமைன் உள்ள இடம் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடையாளச் சரிபார்ப்பு தோற்கும். தாய்ப்பலகையில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் இப்படித்தான் பின்னால் போகும். கடிகாரமும் சரி, ஆனாலும் டொமைன் யூசர்கள் எல்லாருமே நுழைய முடியவில்லை என்றால் அங்கே நிறுத்தி, டொமைனை அமைத்தவரைக் கூப்பிடுங்கள்.

கோளாறு 3: ஷேர் திறக்கிறது, உள்ளே ஒரு ஃபோல்டர் மட்டும் மறுக்கிறது

முதல் காரணம் பைசா செலவில்லாதது. அந்த யூசரை இப்போதுதான் குரூப்பில் சேர்த்தீர்களா? குரூப் மாற்றம் அடுத்த முறை லாக் ஆன் செய்யும்போதுதான் கைக்கு வரும். ஒரு முறை லாக் ஆஃப் செய்து வரச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் அவர் பெயருக்குத் தனி அனுமதி கொடுத்துவிடுவார்கள். பிறகு அவர் வேறு பிரிவுக்கு மாறினாலும் அந்த அனுமதி அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

லாக் ஆஃப் செய்தும் வரவில்லையா? சர்வரில் அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' பக்கத்துக்குப் போய் யூசரின் பெயரைக் கொடுங்கள். உண்மையில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டும். சர்வரில் உட்கார்ந்து பார்க்கும்போது இது இரண்டாவது கதவை மட்டும்தான் கணக்கிடும். எல்லாம் பச்சையாக இருந்தும் நெட்வொர்க்கில் மறுத்தால் முதல் கதவுக்குப் போங்கள்.

சிவப்பு தெரிந்தால் 'டினை' (தடை) என்ற வரி எங்கேயாவது இருக்கிறதா தேடுங்கள். ஒருவரைத் தடுக்க நினைத்து அவர் இருக்கும் குரூப்புக்கே டினை போட்டிருப்பார்கள். இரண்டு குரூப்பில் இருப்பவருக்கு ஒன்றில் அனுமதி, மற்றதில் டினை என்றால் டினைதான் வெல்லும். மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வரும் டினையை மட்டும், அந்த ஃபோல்டரிலேயே நேரடியாகக் கொடுத்த அனுமதி மீறும். நான் டினையைப் பயன்படுத்துவதே இல்லை. அனுமதி கொடுக்காமல் இருந்தாலே போதும், தடை தானாக வந்துவிடும்.

டினையும் இல்லையென்றால் பரம்பரை அறுந்திருக்கும். அட்வான்ஸ்டு பக்கத்தின் கீழே 'எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' என்ற பொத்தான் தெரிந்தால், அந்த ஃபோல்டர் மேலிருந்து எதையும் வாங்குவதில்லை என்று பொருள். வேண்டுமென்றே அறுத்ததா, தவறுதலா என்று முதலாளியிடம் கேளுங்கள். சம்பள ஃபோல்டரில் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்கும். தவறுதல் என்றால் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். பக்கத்திலேயே 'ரிப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட்' என்று தொடங்கும் ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் கீழே கையால் கொடுத்த தனி அனுமதிகள் அத்தனையும் அழியும். மேலே சொன்ன சேமிப்பை எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால், அது நீக்கப்பட்ட யூசரின் மிச்சம். அதே பெயரில் புதிதாக யூசர் உருவாக்கினாலும் பழைய அனுமதி ஒட்டாது, விண்டோஸுக்கு அவர் புது ஆள். அதனால்தான் சீசன் முடிந்ததும் கணக்கை நீக்காமல் முடக்கி வையுங்கள் என்கிறேன். அடுத்த வருடம் அதே ஆள் வந்தால் பாஸ்வேர்டை மாற்றித் திறந்துவிட்டால் போதும்.

சர்வரில் அட்மினாக உட்கார்ந்து ஃபோல்டரைத் திறக்கும்போது 'உங்களுக்கு அனுமதி இல்லை, கன்டினியூ அழுத்துங்கள்' என்று ஒரு பெட்டி வரும். அழுத்தினால் திறக்கும். அதோடு உங்கள் தனிப்பட்ட பெயர் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாக எழுதப்படும். பல வருடம் ஓடிய சர்வர்களில் பட்டியல் குப்பையாகக் கிடப்பதற்கு இந்தப் பொத்தான் ஒரு பெரிய காரணம்.

உரிமையாளரை மாற்றி, அதாவது 'டேக் ஓனர்ஷிப்' செய்து, ஆயிரக்கணக்கான ஃபைல்களில் அனுமதியைத் திருப்பி எழுத வேண்டிய நிலை வந்தால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். பாதியில் நின்றால் முன்பு இருந்ததைவிடச் சிக்கலாகும்.

கோளாறு 4: படிக்க முடிகிறது, சேவ் ஆகவில்லை

புது ஷேர் என்றால் யோசிக்கவே வேண்டாம். விண்டோஸில் அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாக உருவாக்கும் ஷேருக்கு இயல்பாகக் கிடைப்பது, எவ்ரிஒன் பெயரில் 'ரீட்' மட்டும். செக்யூரிட்டி பக்கத்தில் எவ்வளவு கொடுத்தாலும் முதல் கதவு எழுத விடாது. ஷேர் அனுமதியில் உங்கள் குரூப்பைச் சேர்த்து 'சேஞ்ச்' கொடுங்கள்.

பழைய ஷேர், மற்ற ஃபைல்கள் சேவ் ஆகின்றன, எக்செல் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால் 'ரைட்' கொடுத்து 'மாடிஃபை' கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். எக்செல் சேவ் செய்யும்போது அதே ஃபைலில் எழுதுவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். நீக்கும் உரிமை இல்லாதவரிடம் இந்த வேலை நடுவில் நின்றுவிடும். ஃபோல்டரில் அர்த்தமில்லாத எட்டு எழுத்துப் பெயரில் ஃபைல்கள் குவிந்து கிடந்தால் இதுதான். 'யாரும் எதையும் டெலீட் பண்ணக்கூடாது சார், ஆனா திருத்தணும்' என்று முதலாளிகள் கேட்பார்கள். எக்செலில் அது நடக்காது. மாடிஃபை கொடுத்துவிட்டு, தினமும் பேக்கப் எடுப்பதுதான் அதற்கு வழி. டேலி ஓடும் கம்பெனி ஃபோல்டருக்கும் மாடிஃபை வேண்டும், ஃபுல் கன்ட்ரோல் வேண்டாம்.

அனுமதி சரியாக இருந்தும், வேறொருவர் திறந்து வைத்திருப்பதாகச் செய்தி வந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', 'ஓப்பன் ஃபைல்ஸ்' பார்த்து அந்த ஒரு ஃபைலை மட்டும் மூடுங்கள். அவர் கம்ப்யூட்டரில் சேவ் செய்யாமல் விட்டது போய்விடும், அதைச் சொல்லிவிட்டே மூடுங்கள்.

டிஸ்க் நிறைந்திருந்தாலும், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பாதை நீண்டுவிட்டாலும் சேவ் ஆகாது. எக்செலுக்கு ஃபைல் பெயரோடு சேர்த்து 218 எழுத்துதான் எல்லை. 'ஏற்றுமதி' என்று தொடங்கி வருடம், கப்பல், பார்ட்டி, தேதி என்று ஏழு அடுக்கு போகும் அலுவலகங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

கோளாறு 5: நான் போட்ட ஃபைல் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை

காப்பி செய்தீர்களா, கட் செய்து ஒட்டினீர்களா? காப்பி செய்த ஃபைல் போய்ச் சேர்ந்த ஃபோல்டரின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். ஒரே டிரைவுக்குள் நகர்த்திய ஃபைல் புறப்பட்ட இடத்தின் அனுமதியைக் கூடவே எடுத்துவரும். முதலாளியின் ஃபோல்டரிலிருந்து பொது ஃபோல்டருக்குக் கட் செய்து ஒட்டிய விலைப்பட்டியல் யாருக்கும் திறக்காதது இதனால்தான். அதே இடத்தில் ஒரு காப்பி எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை நீக்குங்கள்.

லினக்ஸில் ஓடும் சாம்பா (விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஃபோல்டரைப் பகிரும் மென்பொருள்) சர்வரிலோ நாஸ் பெட்டியிலோ நீங்கள் போட்ட ஃபைல் மற்றவர்களுக்குத் திறந்தும் திருத்த முடியவில்லை என்றால் காரணம் வேறு. சாம்பா புது ஃபைலுக்கு இயல்பாக 0744 என்ற அனுமதியைக் கொடுக்கும். போட்டவர் மட்டும் எழுதலாம், குரூப்பில் உள்ளவர் படிக்க மட்டுமே முடியும். அமைப்பு ஃபைலில் அந்த ஷேரின் கீழ் 'கிரியேட் மாஸ்க்' 0664, 'ஃபோர்ஸ் டைரக்டரி மோட்' 2775 என்று வைத்து, 'ஃபோர்ஸ் குரூப்' வரியில் அலுவலகக் குரூப்பைக் கொடுங்கள். முன்னால் உள்ள அந்த 2, உள்ளே உருவாகும் எல்லாமே அதே குரூப்புக்குச் சேர வைக்கும். மாற்றியதும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டி எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். 777 கொடுப்பது எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோலின் லினக்ஸ் வடிவம், வேண்டாம். லினக்ஸில் யூசர் உருவாக்கினால் மட்டும் போதாது, சாம்பாவின் பாஸ்வேர்ட் பட்டியலிலும் தனியாகச் சேர்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் தடுக்கலாம். அதை அணைக்காமல் சரிசெய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கோளாறு 6: பார்க்கக் கூடாதவர் பார்க்கிறார்

இதற்கு யாரும் என்னை அழைப்பதில்லை. யார் யாருக்கு என்ன சம்பளம் என்று கேன்டீனில் பேச்சு வந்த பிறகுதான் அழைப்பார்கள். தர்மபுரியில் ஒரு அலுவலகத்தில் அப்படித்தான் நடந்தது.

சம்பள ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் 'யூசர்ஸ்', 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்', 'எவ்ரிஒன்' ஆகிய மூன்று பெயர்களில் எதுவும் இருக்கக் கூடாது. டிரைவின் வேரிலிருந்தே அவை இறங்கி வரும். பரம்பரையை அறுத்து, அறுக்கும்போது 'கன்வர்ட்' தேர்வைக் கொடுத்து, பிறகு அந்த வரிகளை மட்டும் நீக்குங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சம்பளக் குரூப் இவை மட்டும் இருக்கட்டும். சிஸ்டத்தை நீக்கினால் பேக்கப் மென்பொருள் தவிக்கும்.

முன் கோளாறில் சொன்ன கட் செய்து ஒட்டும் சிக்கல் இங்கே தலைகீழாக வரும். பொது ஃபோல்டரிலிருந்து பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்திய ஃபைல், பொது அனுமதியோடே உள்ளே போயிருக்கும். அந்த ஃபோல்டர் அதே ஷேருக்குள் இருந்தால், உள்ளே பட்டியல் தெரியாதவர்கூட முழுப் பாதையை அடித்தால் அந்த ஃபைலைத் திறக்க முடியும். பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் பழைய ஃபைல்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கோளாறு 7: ஸ்கேனர் போட மறுக்கிறது, இன்னொரு கம்ப்யூட்டர் நுழைய முடியவில்லை

பழைய ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் சர்வருக்கு வரவில்லையென்றால் முதலில் அதற்குள் சேமித்த பாஸ்வேர்ட். அது சரி என்றால், அந்த மெஷினுக்கு எஸ்எம்பி 1 என்ற பழைய முறை மட்டும் தெரிந்திருக்கும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்த வழி அதுதான். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை இயல்பாக நிறுவுவதில்லை. ஸ்கேனருக்காக அதைத் திரும்பத் திறக்க வேண்டாம். மெஷினில் மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: சர்வர் என்று சொல்வது உண்மையில் சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கம்ப்யூட்டரா? அதற்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புதான். சீசனில் ஆள் கூடும்போது காலையில் தாமதமாக வருபவர் வெளியே நிற்பார். வேலை இல்லாத கம்ப்யூட்டர்களில் டிரைவைத் துண்டித்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். நிரந்தர வழி விண்டோஸ் சர்வர் உரிமம், அல்லது நல்ல நாஸ் பெட்டி. இந்தக் கட்டுரையில் பெரிய செலவு வைப்பது இதுதான், அதனால் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

எதையும் சோதிக்காமல் உடனே அழைக்க வேண்டியது

ஃபைல் பெயர்களின் பின்னால் புதிதாக ஏதோ எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன, எதுவும் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கிறது என்றால் அது அனுமதிக் கோளாறு இல்லை, ரான்சம்வேர். அனுமதியை மாற்றிப் பார்க்காதீர்கள். சர்வரின் நெட்வொர்க் கேபிளை உடனே பிடுங்குங்கள். பேக்கப் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்கைச் சர்வரில் செருகவே செருகாதீர்கள், ஏற்கெனவே செருகியிருந்தால் கழற்றுங்கள். வைஃபையில் இருக்கும் லேப்டாப்களின் இணைப்பையும் துண்டியுங்கள். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி நிறுவனங்கள் இதைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், அதனால் முதலில் பார்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள். திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு உங்கள் கணினி ஆளுக்குப் போன் போடுங்கள்.